ஏரிக்கரை ராஜாவின் சம்மதம்

அப்பா,

போன வாரம் அம்பத்தூர் தபால் நிலையத்தில் ஒரு பார்சலைப் பதிவுத் தபாலில் அனுப்பப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் கையில் கோர்ட்டுக் காகிதமோ என்னவோ, ஒரு தடித்த உறை. மெழுகுவத்தியில் சிவப்பு அரக்கைக் காட்டி உருக்கி, உறையின் மடிப்பில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியது. வரிசையை விட்டு வெளியே ஓடிவந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசலில் பூ விற்கிற அம்மா, "இன்னாம்மா, மயக்கமா வருதா? சோடா வாங்கியாரட்டா?" என்று கேட்டார். மயக்கமில்லை, அருவருப்பு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு, பார்சலை அனுப்பாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. வருடா வருடம் கல்லறைத் திருநாளுக்கு வந்து மெழுகுவத்தி ஏற்றுகிறேன், சாமந்தி மாலை போடுகிறேன், ஒரு பரலோக மந்திரமும் அருள் நிறை மந்திரமும் சொல்கிறேன். செத்தவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்பார்கள். நல்லதும் சொல்வேன், இருங்கள். மனதில் கிடந்து அழுகுவதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பகலில் நீங்கள் ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் கிளார்க். போல்ட்டும் நட்டும் வாஷரும் கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற ஆள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டால் பிரான்சு தேசத்து அரசரின் விசுவாசி. இதை வெளியில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அதனால் நான் யாரிடமும் சொன்னதில்லை.

இருநூறு வருடத்துக்கு முன்னால் அந்த நாட்டில் ராஜாவின் தலையை வெட்டினார்கள். மிச்சமிருந்த அவர் சொந்தபந்தங்கள் வெளிநாட்டுக்கு ஓடினார்கள், திரும்பி வந்து கொஞ்ச நாள் ஆண்டார்கள், மறுபடியும் துரத்தப்பட்டார்கள். அந்த வம்சத்தின் ஏதோ ஒரு கிளையில் வந்த ஒருவர் சுவிட்சர்லாந்தில் ஓர் ஏரிக்கரையில் வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தார். நாடு கடத்தப்பட்ட ராஜா என்று அவருக்குப் பட்டம். அவர்தான் சிம்மாசனத்தில் உட்கார வேண்டியவர் என்று நம்பிய கொஞ்சம் கிழவர்களும் விதவைகளும் சேர்ந்து ஒரு வட்டம் வைத்துக்கொண்டு, அவருக்கும் தங்களுக்குள்ளும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்தியா முழுவதுக்கும் அந்த வட்டத்தில் ஓர் ஆள். அது நீங்கள். புதுச்சேரியில் உங்களுக்குப் பாடம் சொன்ன வெள்ளைக்காரச் சாமியார் உங்களை அதில் சேர்த்துவிட்டாராம். பிழைப்புக்கு மெட்ராஸ் பக்கம் வந்தபோது மூட்டை முடிச்சோடு அந்த ராஜாவையும் கட்டிக்கொண்டு வந்தீர்கள்.

ராஜாவுக்குக் கடிதம் எழுதுகிற நாளில் வீடே மாறிவிடும். ஞாயிறு பூசைக்குப் போடுகிற முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வீர்கள். மே மாதமானாலும் ஃபேன் ஓடக்கூடாது, தாள் பறக்குமாம். கடிதத்தில் மேல் பாதியை வெறுமையாக விட்டுவிட்டுத்தான் தொடங்குவீர்கள். பெரியவர்களுக்கு எழுதும்போது எவ்வளவு இடம் விடுகிறோமோ அவ்வளவு மரியாதை என்றீர்கள். "வெத்துத் தாளையா இவ்வளவு தூரம் அனுப்புறீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன். "அது அவர் உக்கார்ற இடம்மா, நம்ம எழுத்து அவர் கால்கிட்ட நிக்கணும்" என்றீர்கள். எனக்கு அப்போது பதிமூன்று வயது. அது அழகான பேச்சாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது.

கடைசியில் அரக்கு. உருக்கி ஊற்றி, உங்கள் சட்டைப் பொத்தான் ஒன்றை அதில் அழுத்துவீர்கள். ராஜ முத்திரை இல்லாத குறையைப் பொத்தான் தீர்த்தது. அந்த வாடை விடியும்வரை கூடத்தை விட்டுப் போகாது.

வட்டத்துக் கடிதங்கள் இரண்டு மாதத்துக்கு ஒன்று வரும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, நீங்கள் ஒவ்வொரு வரியாகப் பிரெஞ்சில் படித்துத் தமிழில் சொல்வீர்கள். அப்படித்தான் எனக்கு அந்த மொழி வந்தது. ராஜாவைப் பற்றிய கடிதங்களில் வீரமும் தியாகமும் இருக்கும் என்று ஆரம்பத்தில் ஆசையாகக் கேட்பேன். என்ன இருந்தது தெரியுமா? நினைவுப் பூசையில் முதல் பெஞ்சில் யார் உட்கார்ந்தது, அவருக்கு அந்த உரிமை உண்டா என்று நாலு பக்கம். ஒரு கிழவர் இன்னொருவருக்குரிய வெல்வெட் மெத்தையில் முழங்கால் போட்டுவிட்டார் என்று இரண்டு குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை முறிந்தது. ராஜா பிறந்தநாளுக்கு வந்த சீமாட்டியை வாசற்படிவரை போய் வரவேற்றாரா, நாற்காலியிலிருந்து எழுந்து மட்டும் நின்றாரா என்று ஒரு சுற்றறிக்கையே வந்தது. நாடு போனது பற்றி ஒரு வரி கிடையாது. வெட்டுப்பட்ட சனங்களைப் பற்றி அரை வரி கிடையாது. நம் கோயிலில் தேர்க் கயிற்றை எந்தத் தெருக்காரன் முதலில் பிடிப்பது என்று அடித்துக்கொள்கிறார்களே, அந்த அசிங்கம்தான், செண்டு பூசிக்கொண்டு விமானத்தில் வந்தது. நீங்களோ அதையெல்லாம் சுவிசேஷம் வாசிக்கிற குரலில் வாசித்தீர்கள்.

நல்லதும் சொல்வதாகச் சொன்னேன். எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா போனார். அதற்குப் பிறகு எனக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டது நீங்கள். பின்னத் தெரியாமல் சணல் கயிற்றில் பழகினீர்கள். மழைக்காலத்தில் அயனம்பாக்கம் ஏரி நிரம்பி ரோட்டில் தண்ணீர் ஓடினால் என்னை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, செருப்பைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டீர்கள். இரண்டாம் கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்கள் வற்புறுத்தியபோது, "என் பொண்ணு போதும்" என்று அவர்களைக் காபி கொடுத்து அனுப்பினீர்கள். இதில் எதையும் நான் மறக்கவில்லை.

சனவரி இருபத்தொன்று, அந்த ராஜாவின் தலை விழுந்த நாள். பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் வரும். உச்சிவேளைவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டீர்கள். சட்டைக் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போவீர்கள். ஒரு வருடம் ஸ்டோருக்கு வந்த ஃபிட்டர் ஒருவர் துக்கம் விசாரித்ததை நீங்களே வந்து என்னிடம் வருத்தத்தோடு சொன்னீர்கள்.

"இன்னா அண்ணாத்தே, யாரு பூட்டாங்க?"

"ராஜா."

"அடப் பாவமே. இன்னா வயசு?"

"முப்பத்தெட்டு."

"சின்ன வயசு. இன்னா ஆச்சு?"

"தலை போயிடுச்சு."

"லாரியா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. நானும் அன்றைக்கு அதோடு விட்டுவிட்டேன். கிறுக்கு, யாருக்கும் கெடுதலில்லாத கிறுக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

எண்பத்தேழு நவம்பரில் அருளப்பனுக்கும் எனக்கும் நிச்சயமானது. பூந்தமல்லிக்காரர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். நான் வேலை பார்த்த கம்பெனிக்கு எதிர் வரிசை. இரண்டு வருடம் டீக்கடை வாசலில் பார்த்துப் பேசிப் பழகி, அவரே வீட்டில் சொல்லி முறைப்படி பெண் கேட்டு வந்தார். அதிகம் பேசாத மனிதர். கையில் எப்போதும் எண்ணெய்க் கறை இருக்கும். என் முன்னால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். அவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது. பிப்ரவரி கடைசியில் விமானம். போனால் இரண்டு வருடம் லீவு கிடையாது. கல்யாணத்தை முடித்துவிட்டுப் போக வேண்டும், போய் ஆறு மாதத்தில் என்னை அழைத்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு.

நாள் கணக்கு உங்களுக்கும் தெரியும். கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. அதற்குப் பிறகுதான் தாலி. தபசு காலம் பிறந்துவிட்டால் ஈஸ்டர்வரை கல்யாணம் வைக்க மாட்டார்கள். அந்த வருடம் தபசு தொடங்குகிற சாம்பல் புதன் பிப்ரவரி நடுவில் வந்தது. அப்படியானால் பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறாவது முதல் ஓலை வாசித்தாக வேண்டும். அதை விட்டால் அருளப்பன் மாலை போடாமல் விமானம் ஏறுவார்.

நிச்சயம் முடிந்து அவர்கள் பஸ் ஏறிப் போனதும் நீங்கள் என்னிடம் சொன்னீர்கள்: "ஓலைக்குப் பேர் குடுக்கறதுக்கு முன்னாடி அவருக்கு எழுதிச் சம்மதம் வாங்கணும்."

எவருக்கு என்று கேட்கத் தேவையே இல்லை. வட்டத்தின் பழைய விதியாம். வட்டத்தில் இருப்பவர் வீட்டுக் கல்யாணத்தை முதலில் ராஜாவின் பாதத்தில் வைக்க வேண்டும், அவர் சம்மதம் வந்த பிறகுதான் கோயிலில் சொல்ல வேண்டும். மேல் பாதி வெறுமையாக விட்டு, பொத்தான் அழுத்தி, அன்று ராத்திரியே எழுதினீர்கள். ஏரிக்கரை மனிதருக்கு என் கல்யாணத்தில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் பதில் வந்துவிடும் என்றீர்கள். நானும் நம்பினேன்.

டிசம்பர் போனது. கிறிஸ்துமஸ் போனது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் நீங்கள் கேட்டுவரை போவீர்கள், நான் சமையலறை ஜன்னல்வரை. பொங்கல் முடிந்த திங்கட்கிழமை அருளப்பனின் அம்மா வந்தார். பூந்தமல்லியில் மாவு மில் வைத்திருந்தவர். புருவத்தில்கூட மாவு அப்பியிருக்கும். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"இன்னா சம்மந்தி, எங்க பக்கத்து கோயில்ல பேர் குட்த்து ஒரு வாரமாவுது. உங்க பக்கம் இன்னும் குடுக்கலன்னு சாமியார் சொல்றாரு. இன்னா விசயம்?"

"ஒரு கடிதம் வரணும்மா. வெளிநாட்டிலிருந்து."

"யாரு கடுதாசி?"

நீங்கள் சொன்னீர்கள். முழுவதையும் சொன்னீர்கள். ராஜா, வட்டம், விசுவாசம், விதி. எனக்குச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த அம்மா கடைசிவரை கேட்டார். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்கவில்லை.

"பொண்ணு உங்க ஊட்டுப் பொண்ணு. பையன் என் ஊட்டுப் பையன். நடுவுல இந்த வெள்ளக்காரன் யாரு நைனா? அவன் ஊட்டு கண்ணாலத்துக்கு உன்னையா கேட்டுகினு பண்ணான்?"

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்றீர்கள். சொன்னீர்கள் அப்பா, அந்த வார்த்தையைச் சொன்னீர்கள். மாவு அரைக்கிற பொம்பளைக்குப் புரியாது என்பது உங்கள் முகத்தில் எழுதியிருந்தது. போல்ட்டு நட்டு எடுத்துக் கொடுக்கிறவர் முகத்தில். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "சரி, ஞாயித்துக்கெயம வரிக்கும் பாக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சனவரி இருபத்தொன்று வந்தது. கறுப்புத் துணி கட்டிக்கொண்டு பட்டினி கிடந்தீர்கள். இருநூறு வருடத்துக்கு முன்னால் போன தலைக்காக உங்களுக்குக் கண் கலங்கியது. பக்கத்து அறையில் இருந்த தலை உங்கள் கண்ணில் படவில்லை. அந்த ஞாயிறு பூசையில் மூன்று சோடிகளுக்கு ஓலை வாசித்தார்கள். எங்கள் பெயர் இல்லை. நீங்கள் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த வாரம் அருளப்பனின் மாமா ஒருவர் வந்து, நிச்சயத்துக்கு வாங்கிய புடவையை வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. பிப்ரவரி கடைசியில் அவர் மஸ்கட் போய்விட்டதாக டீக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கடிதம் தபசு காலத்தில் வந்தது, ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நான் சிலுவைப்பாதை முடிந்து வந்தபோது வாசலிலேயே நின்றிருந்தீர்கள். முகம் அப்படி மலர்ந்து உங்களை நான் பார்த்ததே இல்லை. "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனீர்கள். யாருக்காக வந்தது, எதற்காக வந்தது என்பது உங்கள் நினைவில் இருந்ததாகவே தெரியவில்லை. வெங்காயம் உரிக்காமல் அன்றைக்கு நானே படித்தேன்.

ராஜா எழுதவில்லை. செயலாளர் எழுதியிருந்தார். தாமதத்துக்குக் காரணம் விளக்கியிருந்தார். கோரிக்கை வந்ததும் ஒரு கேள்வி எழுந்ததாம். பிரெஞ்சுக்காரர்களின் கல்யாணங்கள் ராஜாவின் பார்வைக்குப் போகும்; அந்நியர்களுக்குச் செயலாளர் பதில் எழுதினால் போதும். இந்தியாவில் பிறந்த, உள்ளூர் ரத்தமுள்ள ஒருவரை எந்த வரிசையில் வைப்பது? வட்டத்துப் பெரியவர்கள் இரண்டு பேருக்குள் கருத்து வேறுபாடு. பல வாரம் கடிதம் எழுதிக்கொண்டு, கடைசியில் முடிவுக்கு வந்தார்களாம்: தலைமுறையாகக் குடும்பத்துக்கு ஊழியம் செய்த அரண்மனை ஏவலர்களின் வரிசையில் இவரை வைக்கலாம். அந்த வகையில் இந்தத் திருமணத்துக்கு ஆட்சேபணை இல்லை.

ஏவலர். வேலைக்காரர். இதைப் படித்து நீங்கள் உடைந்துபோயிருப்பீர்கள், மலர்ச்சி வெறும் நடிப்பு என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். உங்களைத் தேற்ற வேண்டுமே என்று நிமிர்ந்து பார்த்தால், நீங்கள் மறுபடியும் அந்தத் தாளை வாங்கி விளக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"பாத்தியா? மூணு மாசமா என்னைப் பத்தியே எழுதிக்கிட்டிருந்திருக்காங்க!"

சீ! அன்றைக்கு மனதுக்குள் சொன்ன வார்த்தை அது. இன்றைக்கு எழுதியே விடுகிறேன். சீ! பெற்ற அப்பாவைப் பார்த்து ஒரு பெண்ணுக்கு அந்த வார்த்தை வரக்கூடாது. வந்தது. எச்சில் இலையை நீட்டினார்கள், நீங்கள் அதில் இரண்டு பருக்கை ஒட்டியிருந்ததற்குச் சந்தோஷப்பட்டீர்கள். ‘ஏவலர்’ என்ற ஒரு வார்த்தைக்குப் போட்ட விலை என் கல்யாணம். மறுநாள் அந்தக் கடிதத்துக்கு ஆவடி பஜாரில் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டு வந்து, திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினீர்கள். ஏழு வருடம் அதற்குக் கீழேதான் நான் உங்களுக்குச் சோறு போட்டேன். அதற்குப் பிறகு உங்களிடம் பிரெஞ்சில் ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் அதைக் கவனித்தீர்களா என்றுகூடத் தெரியாது.

கடைசி வருடம் படுக்கையில் இருந்தபோது ஒருநாள் திடீரென்று, "அந்தப் பூந்தமல்லிப் பையன் நல்லா இருக்கானா?" என்று கேட்டீர்கள். "இருக்கார். ரெண்டு பிள்ளைங்க" என்றேன். ஆவடி ஸ்டேஷனில் அவரை ஒருமுறை தூரத்தில் பார்த்திருந்தேன். சின்னவனைத் தோளில் வைத்துக்கொண்டு, பெரியவளுக்குக் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டிருந்தார். நீங்கள் வேறு எதையோ சொல்ல வாயெடுத்தீர்கள். கஞ்சி பொங்குகிறது என்று நான் எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது தூங்கியிருந்தீர்கள். என்ன சொல்ல வந்தீர்கள் என்பது உங்கள் அலமாரியைக் காலிசெய்தபோதுதான் புரிந்தது.

நீங்கள் போன மாதம் அலமாரியில் கறையான் ஏறியது. எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டேன். ஒரு பிஸ்கட் டப்பாவில் தனியாக ஒரு கடிதம் இருந்தது. வட்டத்தில் ஒரு கிழவி இருந்தாரே, எங்கோ கடற்கரை ஊரில் ஒற்றைப் பூனையோடு இருந்த விதவை, அவர் கையெழுத்து. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எழுதியது; உறையில் நம் ஊர் முத்திரை புத்தாண்டு வாரத்தில் விழுந்திருந்தது. முதல் ஓலைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தபோது. கூட்டமே கோணலாக இருந்த இடத்தில் நேராகப் பேசியவர் அந்தக் கிழவி ஒருவர்தான்.

உங்கள் கடிதம் வட்டத்தில் பேச்சாகிவிட்டது, யாரும் சிரிக்கக்கூடாதே என்று எனக்குக் கவலை, என்று எழுதியிருந்தார். அந்த விதியை அவருடைய அம்மா காலத்துக்குப் பிறகு ஒருவரும் கடைப்பிடித்ததில்லையாம். அவருடைய சொந்தப் பேத்தி கல்யாணத்துக்கு ஓர் அட்டை போட்டதோடு சரி. காத்திருக்காதீர்கள், பெண்ணுக்கு நல்லபடியாக முடித்துவையுங்கள். அப்புறம் இன்னொன்றும் இருந்தது: நம் பிரபு நாடு கடத்தப்பட்டவர் என்று இன்னும் எழுதுகிறீர்களே, அவர் குடும்பத்தை நாட்டுக்குள் விடாத சட்டத்தை எடுத்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது, அவர் நினைத்தால் நாளைக்கே ரயிலேறிப் பாரிசுக்குப் போகலாம், அவருக்கு ஏரிதான் பிடித்திருக்கிறது.

ஆக உங்களுக்குத் தெரியும். தபால்காரர் மணி அடிக்கும்போது கேட்டுவரை ஓடினீர்களே, அப்போது உங்களுக்குத் தெரியும். மாவு மில் அம்மாவிடம் உங்களுக்குப் புரியாது என்றீர்களே, அப்போது தெரியும். கறுப்புத் துணி கட்டியபோது, பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடியபோது, எல்லாவற்றின்போதும் அந்தக் கடிதம் பிஸ்கட் டப்பாவில் இருந்தது. விதி இல்லை என்று ஒப்புக்கொண்டால் நீங்கள் வெறும் ஸ்டோர் கிளார்க் ஆகிவிடுவீர்கள். அதற்குப் பதிலாக நான் காத்திருந்தால் போதும் என்று முடிவு செய்தீர்கள். அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுவேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன்.

கண்ணாடிச் சட்டத்தை அன்றைக்கே கழற்றினேன். வட்டத்துக்கு உங்கள் மரணத்தைத் தெரிவித்து நாலு வரி எழுதினேன். மேலே இடம் விடாமல், தாளின் உச்சியிலிருந்தே. பதில் இல்லை. சுற்றறிக்கை மட்டும் இன்றும் உங்கள் பெயருக்கு வந்துகொண்டிருக்கிறது. செத்ததுகூடத் தெரியாத விசுவாசம்.

இதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். குற்றமெல்லாம் உங்கள் பக்கம், அருவருப்பெல்லாம் என் பக்கம் என்று. ஆனால் அன்றைக்குத் தபால் நிலையச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் நினைவில் வந்தது உங்கள் முகமில்லை. நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று.

அந்தக் கடைசி ஞாயிறுக்கு முந்தின நாள், சனிக்கிழமை. அரை நாள் வேலை. கம்பெனி கேட்டுக்கு வெளியே அருளப்பன் நின்றிருந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அன்றைக்குக் கையைப் பின்னால் கட்டவில்லை.

"உங்க கோயில் ஃபாதராண்ட நானே போய் பேசிட்டேன். பொண்ணுக்கு வயசு இருவத்தாறு ஆவுது, நைனா வரலன்னாலும் பரவால்ல, அது வந்து வாயால சொன்னா போதும், நாளைக்கே வாசிச்சுடறேன்னாரு. வா, அஞ்சு நிமிசம்தான்."

கோயில் இரண்டு தெரு தள்ளி. மணிக்கூண்டு அங்கிருந்தே தெரியும். நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. நான் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றேன்.

"அப்பாவக் கேக்கணும்" என்றேன்.

அவர் மணிக்கூண்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"உங்க நைனா அந்த வெள்ளக்காரனக் கேக்கணும். நீ உங்க நைனாவக் கேக்கணும். நான் யாரப் போய் கேக்கறது, சொல்லு?"

பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தேன். ஏன் லேட்டு என்று கேட்டீர்கள். பஸ் வரவில்லை என்றேன். ரசம் வைத்தேன், அப்பளம் பொரித்தேன், உங்களுக்குப் பரிமாறினேன். உங்களைக் கேட்கவில்லை அப்பா. கேட்கணும் என்று சொல்லிவிட்டு வந்தவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் டப்பாவில் இருந்த கடிதம் உறுத்தி, ஒருவேளை நீங்கள் "போம்மா" என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் எழுத்தை மறைத்தீர்கள், நான் பேச்சை மறைத்தேன். ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உங்களைப் பார்த்து நான் சொன்ன அந்தச் ‘சீ’யில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

போன மாதம் மேனேஜர் கூப்பிட்டு, பெங்களூரில் புதிதாகக் கிளை திறக்கிறோம், நீங்கள் போய்ப் பொறுப்பேற்றுக்கொள்கிறீர்களா, நல்ல பதவி, திங்கட்கிழமை சொன்னால் போதும் என்றார். எனக்கு உள்ளே சந்தோஷமாகத்தான் இருந்தது. வாய் தன்பாட்டுக்குப் பேசியது.

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் சார்."

வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன், அப்பா.